வீட்டிலேயே பிரிண்டருக்கு மை நிரப்பலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பழவேற்காட்டில் ஜெராக்ஸ் மற்றும் கணினி மையம் நடத்திவரும் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "பிரிண்டர் மை தீர்ந்துவிட்டது. கடையில் கேட்டால் புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கச் சொல்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் ஊசியால் நிரப்பச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?" இதைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர் சார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போகலாம், தப்பாக நினைக்க மாட்டேன். வாரம் பத்து இருபது பக்கமாவது அச்சடிக்கிற வீட்டில் மை நிரப்புவது நிச்சயம் லாபம். மாதத்துக்கு இரண்டே பக்கம் அடிக்கிற வீட்டில் நிரப்பினாலும் நஷ்டம், புதிது வாங்கினாலும் நஷ்டம். அந்த வீட்டுக்கு பிரிண்டரே வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வகை என்பது என் சந்தேகம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பிரிண்டர் வைத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். பழவேற்காடு பஜாரில் என் கடை. லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஜமீலாபாத் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருவார்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைக்கு சாதிச் சான்றிதழ், படகுப் பதிவுக் காகிதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அந்த நிவாரணத்துக்கும், சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கும் பட்டியல் எடுக்கிற நாட்களில் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. அங்கே ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய் கூட்டிவிட்டால் உடனே கேள்வி வரும். "இன்னாண்ணா, போன வாரம் மூணு ரூபாதான வாங்கின?" ஏரியில் விடியற்காலை இறங்கி, இறால் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை என்று வாழ்கிறவர்கள் கேட்கிற கேள்வி அது. அதனால் ஒரு பக்கத்துக்கு எனக்கு எத்தனை பைசா செலவாகிறது என்பது எப்போதும் என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிரிண்டர் வியாபாரத்தை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். மீனவர் ஒருவருக்கு வலை வாங்கக் காசு வேண்டும். மீன் வியாபாரி முன்பணம் தருவார். வட்டி என்று பெரிதாக எதுவும் கேட்க மாட்டார். ஆனால் பிடிக்கிற மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. இந்த முறை நம் கடற்கரை முழுவதும் இருக்கிறது. முன்பணம் வாங்கும்போது உதவி மாதிரி இருக்கும். விலை பேசும்போதுதான் வலிக்கும்.

நாலாயிரம், ஐயாயிரத்துக்கு ஸ்கேனர், வைஃபை எல்லாம் சேர்த்து ஒரு பிரிண்டர் கிடைக்கிறதே, அதுவும் இப்படி ஒரு முன்பணம்தான். அந்த விலையில் மோட்டாரும் கண்ணாடியும் சர்க்யூட்டும் கொடுத்து நிறுவனம் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. லாபம் பின்னால் வருகிற மையில் இருக்கிறது. ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிப்பது என்று வியாபாரப் படிப்பில் சொல்வார்கள்.

கணக்கைப் பார்ப்போம். நம் வீடுகளில் அதிகம் இருக்கிற வகை எச்.பி. 803 கார்ட்ரிட்ஜ் போடுகிற பிரிண்டர். கறுப்பு கார்ட்ரிட்ஜ் ஒன்று ஏறத்தாழ 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு விலை மாறினால் நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் மை ஒரு டீஸ்பூன் அளவைச் சுற்றித்தான். நிறுவனக் கணக்கில் சுமார் 190 பக்கம் வரும். ஆக, ஒரு பக்கத்துக்கு மையே நாலே முக்கால் ரூபாய். காகிதம், கரண்ட் தனி. என் கடையில் அந்த விலைக்கு மை வாங்கினால் வாரக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

அந்த 190 பக்கமும் எந்த மாதிரி பக்கம் தெரியுமா? ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பு வகுத்த மாதிரிப் பக்கங்கள். அவற்றில் வெள்ளை இடம்தான் அதிகம். பிள்ளையின் ப்ராஜெக்டுக்குப் பக்கம் முழுக்க நீல வானமும் பச்சை மரமும் அடித்தால், இருபது முப்பது பக்கத்தில் கலர் கார்ட்ரிட்ஜ் மூச்சு வாங்கிவிடும்.

இப்போது அதே கார்ட்ரிட்ஜில் நாமே நிரப்பினால்? வெளி நிறுவன மை 100 மில்லி பாட்டில் சுமார் 200 ரூபாய். ஒரு முறைக்கு நாலு மில்லி, அதாவது எட்டு ரூபாய். "அப்போ அஞ்சு பைசாவுக்குப் பக்கமா!" என்று துள்ள வேண்டாம். இந்தக் கார்ட்ரிட்ஜ் பத்து வருஷம் உழைக்கச் செய்தது அல்ல. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து தடவை நிரப்பலாம். ஒவ்வொரு தடவையும் 190 வராது, 150 என்று வையுங்கள். முதல் கார்ட்ரிட்ஜ் 900, ஐந்து தடவை மை 40, மொத்தம் 940 ரூபாய். பக்கம் 190, அதோடு ஐந்து முறை 150, மொத்தம் 940. பக்கத்துக்கு ஒரு ரூபாய். நாலே முக்கால் எங்கே, ஒரு ரூபாய் எங்கே. ரீஃபில் பண்ணுவதில் லாபம் இருக்கிறது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஏன் நாலைந்து தடவைதான்? அதற்கு உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும். எச்.பி.யிலும் கேனனிலும் மை தெறிப்பது சூட்டால். கார்ட்ரிட்ஜின் அடியில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துளி ஹீட்டர். அது சூடானதும் மை குமிழியாகி, ஒரு சொட்டை வெளியே தள்ளும். இதைக் கேனன் நிறுவனத்தில் 1977இல் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. மை நிரப்பிய ஊசியின் முனையில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது, மை பீய்ச்சிக்கொண்டு வந்தது. இன்று அதே ஊசியை வைத்துத்தான் நாம் அவர்களுடைய கார்ட்ரிட்ஜில் மை ஏற்றுகிறோம்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். மை இல்லாமல் அந்த ஹீட்டர் சூடானால் கருகிவிடும். பாத்திரத்தில் தண்ணீர் இல்லாமல் அடுப்பை எரிய விட்ட மாதிரி. "கடைசிச் சொட்டு வரைக்கும் அடிச்சிட்டு ரீஃபில் பண்ணிக்கிறேன்" என்கிறவர்களின் கார்ட்ரிட்ஜ் இரண்டாம் முறைகூட வேலை செய்யாது. எழுத்து லேசாக மங்கத் தொடங்கிய அன்றே நிரப்ப வேண்டும்.

எப்சன், பிரதர் வகையில் சூடு கிடையாது. ஒரு சின்ன கல் மின்சாரத்தில் நெளிந்து மையைத் தள்ளும். அதில் பிரிண்ட் ஹெட் கார்ட்ரிட்ஜில் இல்லை, மெஷினிலேயே இருக்கிறது. அடைத்துக்கொண்டால் மாற்றுவது பெரிய செலவு. அதனால் அந்தக் கம்பெனிகளின் பழைய கார்ட்ரிட்ஜ் மாடல் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஊசி எடுக்காதீர்கள் என்பேன். ஹெட்டோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ் என்றால் தைரியமாகச் செய்யலாம். கெட்டால் கார்ட்ரிட்ஜோடு போகும். எச்.பி. 803, 680, 678, கேனன் 745, 746 எல்லாம் இந்த வகை.

சரி, எப்படி நிரப்புவது? பழைய செய்தித்தாளை நாலாக மடித்துத் தரையில் விரியுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். கார்ட்ரிட்ஜ் மேலே இருக்கும் லேபிளை நிதானமாக உரியுங்கள், கிழிக்காதீர்கள், அது திரும்ப வேண்டும். கறுப்பில் ஒரு துளை, கலரில் மூன்று துளை தெரியும். கலரில் எந்தத் துளைக்கு எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். யூடியூபை நம்ப வேண்டாம். ஒவ்வொரு துளையிலும் ஒரு பல்குச்சியை விட்டு எடுத்தால் நிறம் அதுவே சொல்லும். குச்சியை மாற்றி மாற்றிப் போட வேண்டும், ஒரே குச்சியை மூன்றிலும் விட்டால் மஞ்சள் துளையில் நீலம் போய்விடும்.

ஊசியை உள்ளே இருக்கும் பஞ்சின் பாதி ஆழம் வரை விட்டு, ஒரு மில்லி ஒரு மில்லியாக ஏற்றுங்கள். அவசரமாக அழுத்தினால் பஞ்சுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், பிறகு மை இருந்தும் எழுத்து வராது. துளை வாயில் மை ஊறி வந்ததும் நிறுத்தி, கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சி எடுத்துவிடுங்கள். லேபிளை மறுபடி ஒட்டுங்கள். ஆனால் செல்லோ டேப்பைச் சுற்றி இறுக்கி மூடக் கூடாது. மை கீழே இறங்க மேலே காற்று போக வேண்டும். தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்தால் 'குளுக் குளுக்' என்று காற்று போகிறதே, அது மாதிரிதான்.

கடைசியாக, டிஷ்யூ பேப்பரை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, துளைகள் இருக்கும் பக்கத்தை அதன்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். கலர் என்றால் மூன்று கோடு தனித்தனியாகப் படிய வேண்டும். கோடுகள் ஒன்றோடு ஒன்று கலந்தால் மை அதிகமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஒற்றி எடுக்க வேண்டும். தாமிரப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள், விரல் படக் கூடாது. பிறகு மெஷினில் மாட்டி ஒரு டெஸ்ட் பக்கம் அடித்துப் பாருங்கள்.

துடைக்கிற தண்ணீர் பற்றி ஒன்று. போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் ஊர் நிலத்தடி நீர் உப்பு, காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். நம் குடியிருப்புத் தண்ணீரும் அதற்கு அதிகம் தூரமில்லை, குழாயைப் பார்த்தாலே தெரியும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள்.

நிரப்பிய பிறகும் ஸ்கிரீனில் 'மை இல்லை' என்றே காட்டும். அந்தச் சிப், மை எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை, எத்தனை சொட்டு போனது என்று கணக்குதான் வைக்கிறது. எச்.பி.யில் ஓ.கே. கொடுத்துவிட்டுத் தொடரலாம். கேனனில் ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அந்தக் கணக்கை நிறுத்திவிடும்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற விஷயம். எந்த மை?

மையில் இரண்டு சாதி. ஒன்று சாயம், டை என்பார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும். இன்னொன்று பிக்மென்ட். நுண்ணிய தூள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். நான் சொன்ன எச்.பி., கேனன் மாடல்களில் கறுப்பு பெரும்பாலும் பிக்மென்ட், கலர் டை. பிக்மென்ட் காகிதத்தின் மேல் உட்கார்ந்து காயும், தண்ணீர் பட்டாலும் அவ்வளவாகக் கலையாது. டை காகிதத்துக்குள் ஊறும், ஈரம் பட்டால் கசியும். கடையில் 'எல்லா பிரிண்டருக்கும் பொருந்தும்' என்று விற்கிற மலிவான கறுப்பு மை பெரும்பாலும் டைதான். அதை ஊற்றினாலும் எழுத்து நன்றாகவே வரும். வித்தியாசம் அன்றைக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் அது எப்போது தெரியும் என்றால், காகிதம் நனைகிற அன்றைக்கு. கடலோரத்தில் அது நனையாமல் இருக்காது. ஈரக் கையால் வாங்குவார்கள், இடுப்பில் செருகுவார்கள், படகில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பார்கள். ஒரு நாள் மீன் விற்கிற அக்கா ஒருவர் வந்தார். வேறு ஒரு கடையில் அடித்த விண்ணப்பம். உள்ளே மகளின் கல்வி உதவித்தொகைக்கான காகிதங்கள். மீன் கூடையோடு பஸ்ஸில் வந்ததில் ஒரு ஓரம் நனைந்து, பேங்க் கணக்கு எண்ணில் மூன்று இலக்கம் ஊதா நிறத்தில் கரைந்து ஓடியிருந்தது. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, படிக்க முடியாத எண்ணை யார் வாங்குவார்? அந்த அக்காவுக்கு ஒரு நாள் வியாபாரம் போச்சு, இரண்டு தடவை பஸ் காசு போச்சு, கடைசி நாள் நெருங்குகிறதே என்ற பதற்றம் வேறு. மை ஊற்றியவருக்கு அதில் மிச்சமானது சில பைசா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகும் நனைந்த காகிதங்களைக் காயப்போட்டு எடுத்து வந்தார்கள். எது பிக்மென்ட், எது டை என்று பார்த்ததுமே சொல்ல முடிந்தது.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தது முக்கியமாகத் துணிக்காக. சோழமண்டலக் கரைத் துணி உலகம் முழுவதும் போனதற்குக் காரணம், துவைத்தாலும் சாயம் போகாது. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட லுங்கிக்கு 'காயின் பெலிக்காட்' என்றுதான் பெயர், பெலிக்காட் என்றால் பழவேற்காடு. அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு துளி ஏரித் தண்ணீரில் ஓடிப்போகிற சாயத்தை நாம் சான்றிதழில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே வாங்கும்போது பாட்டிலில் 'பிக்மென்ட்' என்று எழுதியிருக்கிறதா, உங்கள் கார்ட்ரிட்ஜ் எண் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், இருபது முப்பது ரூபாய் கூட ஆகும். கலருக்கு டையே போதும். கலர் கார்ட்ரிட்ஜில் பிக்மென்ட் ஊற்றினால் துளை அடைத்துவிடும். பத்திரம், ஒப்பந்தம், கோர்ட் காகிதம் போன்றவற்றை ரீஃபில் மையில் அடிக்கவே வேண்டாம், கடையில் லேசரில் எடுத்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு வியாபாரம் பிடிக்கச் சொல்லவில்லை, பழவேற்காடு உங்களுக்குத் தூரம்.

நிறுவனங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்று கேட்பீர்கள். விரும்புவதில்லை. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம், காலி கார்ட்ரிட்ஜை வாங்கி நிரப்பி விற்ற ஒரு சிறு கம்பெனி மீது வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே மாதம் தீர்ப்பு. ஒரு முறை விற்றுவிட்டால் அந்தப் பொருளின் மேல் உன் காப்புரிமை தீர்ந்தது, வாங்கியவர் என்ன செய்கிறார் என்று கேட்க முடியாது என்றது நீதிமன்றம். 2016 செப்டம்பர் 13 அன்று வேறு நிறுவன சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களை எச்.பி. பிரிண்டர்கள் பல நாடுகளில் திடீரென ஏற்க மறுத்தன, பெரிய ரகளை ஆனது. 2020இல் இத்தாலியில் அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். நாம் நிரப்புவது அவர்களுடைய சிப் இருக்கிற அசல் கார்ட்ரிட்ஜில் என்பதால் பொதுவாக அந்தத் தொல்லை வராது. வாரண்டி காலத்தில் வெளி மையால் மெஷின் கெட்டால் மட்டும் செலவு நம்முடையது.

எப்சன் வேறு வழி எடுத்தது. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் பிரிண்டர் பக்கவாட்டில் டப்பாவைத் தொங்கவிட்டு, குழாய் சொருகி மை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். அதைத் தடுக்க முடியாது என்று பார்த்து, 2010இல் இந்தோனேசியாவிலேயே டேங்க் வைத்த பிரிண்டரை எப்சனே விற்க ஆரம்பித்தது. இன்று எல்லா நிறுவனமும் டேங்க் மாடல் விற்கிறது. எப்சன் 003 கறுப்பு மை 65 மில்லி, சுமார் 400 ரூபாய், நிறுவனக் கணக்கில் 4,500 பக்கம். ஒரு பக்கம் ஒன்பது பைசா. அசல் மை, ஊசி வேண்டாம், செய்தித்தாள் விரிக்க வேண்டாம்.

ஆனால் டேங்க் பிரிண்டர் எட்டாயிரம் ரூபாய் கூட. ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவர் அதற்கு மாறினால் சுமார் 1,700 பக்கத்தில் அந்த எட்டாயிரம் திரும்பிவிடும். ரீஃபில் செய்கிறவருக்கோ கிட்டத்தட்ட 9,000 பக்கம் ஆக வேண்டும். என் கடையில் அது சில மாதம். உங்கள் வீட்டில்?

கையைத் தூக்குங்கள். வீட்டில் பிரிண்டர் இருப்பவர்கள்? பாதிக்கு மேல். போன வாரம் ஒரு பக்கமாவது அடித்தவர்கள்? ஐந்து பேர். நான் சந்தேகப்பட்டது இதுதான்.

இந்த ஐந்து பேர் போக மற்றவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது? மை அச்சில் தீர்வதில்லை, காய்ந்து தீர்கிறது. மூன்று வாரம் சும்மா கிடந்தால் துளையில் மை உலரும். பிறகு கிளீனிங் கொடுப்பீர்கள், அதுவே நிறைய மையைக் குடித்துவிடும். வருஷத்துக்கு 24 பக்கம் அடிக்க 900 ரூபாய் கார்ட்ரிட்ஜ் காய்கிறது. தெருமுனைக் கடையில் பக்கம் ஐந்து ரூபாய் கொடுத்தாலும் 120 ரூபாய். டேங்க் பிரிண்டரும் ஓடாமல் கிடந்தால் அடைக்கும், அதன் ஹெட் மெஷினிலேயே இருப்பது நினைவிருக்கட்டும்.

பிரிண்டரைக் கட்டாயம் வைத்திருப்பேன் என்கிறவர்கள் வாரம் ஒரு முறை நாலு நிறமும் இருக்கிற ஒரு பக்கம் அடியுங்கள். அணைக்கும்போது சுவர் ஸ்விட்சைத் தட்டாதீர்கள். மெஷினில் இருக்கிற பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். எங்கள் ஊரில் மழைக் காற்று அடித்தால் அச்சு நடுவில் கரண்ட் போகும், ஹெட் திறந்தபடி நின்றுவிடும். அதற்காகவே சின்ன யு.பி.எஸ். போட்டிருக்கிறேன்.

இனி சங்கத்துக்கு என் யோசனை. பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி நல்ல மீன் படுகிற இடங்கள் குறைவு. எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் யாருக்கும் கிடைக்காது. அதனால் கிராமங்களில் தலைக்கட்டு வாரியாக முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். பல தலைமுறையாக நடக்கிறது. அதில் சண்டையே வராது என்று சொல்ல மாட்டேன், வரும், பேசித் தீர்ப்பார்கள்.

நம் சங்க அலுவலகத்தில் ஒரே ஒரு டேங்க் பிரிண்டர். வீட்டுக்கு ஒரு நோட்டில் ஒரு பக்கம், அடிக்கிறவர் தேதியும் பக்க எண்ணிக்கையும் எழுத வேண்டும். கறுப்பு ஒரு ரூபாய், கலர் மூன்று ரூபாய். இத்தனை வீடும் அடிக்கும்போது மெஷின் காயாது, 1,700 பக்கம் சீக்கிரம் வந்துவிடும். ஆதார் மாதிரி காகிதங்களை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி "அடிச்சு வையுங்க" என்று சொல்லக் கூடாது. பென் டிரைவில் எடுத்து வாருங்கள், அடித்ததும் ஃபைலை அழித்துவிடுங்கள். சங்கத்துக்கு வாங்குவது பிடிக்கவில்லை என்றால் ஒரு தளத்துக்கு நாலு வீடு சேர்ந்துகூட வாங்கலாம்.

காலி கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடுகிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மின்கழிவு விதிகளின் பட்டியலில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் உண்டு. அதை மக்கும் குப்பையோடு சேர்க்கக் கூடாது. அலுவலகத்தில் ஒரு டப்பா வைத்தால் நிறைந்ததும் பதிவு பெற்ற மின்கழிவுக்காரரிடம் கொடுக்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(பி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா, கலர் மை தீர்ந்தால் கறுப்பும் அடிக்க மறுக்கிறதே என்று கேட்டார்.) எச்.பி.யில் இரண்டு கார்ட்ரிட்ஜ் மாடலாக இருந்தால் கலரை வெளியே எடுத்துவிட்டு மூடுங்கள் அம்மா, கறுப்பை மட்டும் வைத்து ஓடும். எடுத்த கார்ட்ரிட்ஜை நிமிர்த்தி ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி வையுங்கள், காற்றுப் பட வேண்டாம்.

(லேசர் பிரிண்டருக்கு டோனரை வீட்டில் நிரப்பலாமா என்று ஒருவர் கேட்டார்.) வேண்டாம் சார். அது மாவைவிட நைசான தூள். ஃபேன் ஓடினால் வீடு முழுக்கப் பறக்கும், மூச்சில் போகும். கடையில் கொடுத்து நிரப்புங்கள். ஆனால் அபூர்வமாக அடிக்கிற வீட்டுக்கு, கறுப்பு மட்டும் போதுமென்றால், லேசர் நல்லதுதான். தூளுக்குக் காய்கிற வேலை கிடையாது.

(ஊசி குழந்தைகள் கையில் பட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள்.) மருந்துக்கடை ஊசி வேண்டாம். ரீஃபில் கிட்டில் மொட்டை முனை ஊசி வரும், அது போதும். வேலை முடிந்ததும் கழுவி, மையோடு சேர்த்து மேல் அலமாரியில் வையுங்கள். கையில் பட்ட மை சோப்புப் போட்டால் இரண்டு நாளில் போய்விடும், தரை டைல்ஸில் பட்டதை உடனே துடைக்க வேண்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சங்க அலுவலகத்தில் ஒரு கார்ட்ரிட்ஜை நிரப்பிக் காட்டுகிறேன். எழுத்து மங்கத் தொடங்கிய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். முழுக்கக் காலியானதைக் கொண்டு வர வேண்டாம், அது டப்பாவுக்கு. மை என்னுடையது, செய்தித்தாள் நீங்கள் கொண்டு வர வேண்டும்.